எழுந்திருக்க மறுத்த கம்ப்யூட்டரும் ஏழு மணி வகுப்பும்

விஜயதசமி அன்று காலை ஐந்தேகால் மணிக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னை அவமானப்படுத்தியது.

பழுதாகியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். ஸ்ரீரங்கத்தில் மிக்ஸி பழுதாகிறது, தண்ணீர் மோட்டார் பழுதாகிறது, எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் விரதம் இருக்கிறது. யாராவது கோபித்துக்கொள்கிறோமா? ஆனால் இது பழுதாகவில்லை. விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், 'ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி வந்தது. அந்த வரியின் வாலில் எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு நீண்ட சரடு, அதற்குப் பக்கத்தில் ஓடும் நொடிகள். அரசாங்க அலுவலகத்தில் 'சார் மீட்டிங்ல இருக்காரு, வெளிய உக்காருங்க' என்பார்களே, அதே தோரணை. என்ன வேலை, யார் கொடுத்த வேலை, எப்போது முடியும்? மூச்!

தொண்ணூறு நொடி எண்ணியது. நானும் வாய்விட்டுக் கூடவே எண்ணினேன். தொண்ணூறு முடிந்ததும், 'நீங்கள் அவசர நிலையில் இருக்கிறீர்கள்' என்று அறிவித்தது. அதைக் கம்ப்யூட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அடுத்த வரி: நிர்வாகியின் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, தொடர வேண்டுமானால் என்டர் தட்டவும். தட்டினேன். மறுபடியும் அவசர நிலை, பூட்டப்பட்டிருக்கிறது, என்டர் தட்டவும். மறுபடி தட்டினேன். ஐம்பது வயதை நெருங்கும் மனிதன், பட்டறையில் பத்துப் பேர் 'சார்' என்று கூப்பிடுகிற மனிதன், விடியற்காலையில் லுங்கியோடு உட்கார்ந்து ஒரு பெட்டியிடம் பதினோரு முறை கெஞ்சியிருக்கிறேன். பதினோரு முறையும் அது ஒரே பதிலைத்தான் சொன்னது.

ஏழு மணிக்கு என் மனைவிக்கு வகுப்பு.

அவளுடைய முதல் ஆன்லைன் வகுப்பு. அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்னும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைத் தாண்டாத ஐந்து வீடுகளில், ஐந்து குழந்தைகள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். விஜயதசமியில் எழுத்துத் தொடங்கினால்தான் மனசில் நிற்கும் என்று பெற்றோர் இந்த நாளைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். எங்களுக்கு அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். ஆகவே ஏழு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் ஐந்து குழந்தைகளும் 'அ' எழுதியாக வேண்டும் என்பது ஏற்பாடு.

அவள் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள். நிர்வாகம் கைமாறியபோது, தமிழுக்குத் தனியாக ஒரு டீச்சர் எதற்கு, கணக்கு மிஸ்ஸே சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டோடு வந்துவிட்டாள். அதன்பிறகு மூன்று வருஷம், நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரலை என் ஒருவன் மேல் செலவு செய்துகொண்டிருந்தாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அதட்டல். நானும் சில சமயம் பழக்கத்தில் எழுந்து நின்றிருக்கிறேன்.

இந்த வகுப்பு அமைந்ததிலிருந்து அந்த அதட்டல் நின்றது. இரண்டு மாதம் உட்கார்ந்து பன்னிரண்டு உயிரெழுத்துக்கும் படம் வரைந்தாள். ஆவுக்கு முதலில் ஆட்டுக்கல் வரைந்து, அந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்குமா என்று யோசித்து, ஆமையாக மாற்றினாள். ஔவுக்கு என்ன வரைவது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்துவிட்டு, ஔடதம் என்று ஓர் இருமல் மருந்து பாட்டில் வரைந்தாள். "முதல் நாள் நல்லா அமைஞ்சுட்டா அவங்க சொல்லி இன்னும் நாலு பேரு வருவாங்க. சொதப்பினா இந்த அஞ்சும் போயிடும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வகுப்புக்கான கம்ப்யூட்டர்தான் என்னிடம் என்டர் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் கூடுதல் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டவன் நான். ஆறு மாதத்துக்கு முன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டுப் போட்டேன். வைரஸ் வராது, காசு கிடையாது, படுத்துக்கொள்ளாது என்று அடுக்குமாடி முழுக்கச் சொற்பொழிவு ஆற்றினேன். அரியமங்கலத்தில் நான் இயந்திரப் படம் வரையும் பட்டறையில் வெல்டர்களையும் விட்டுவைக்கவில்லை. மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இது ஓடுமா?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது யாராவது திருப்பிக் காட்டினால் நானே அவனை அடிப்பேன்.

அவள் அடுக்களையில் இருந்தாள். பால் பொங்குவதற்குள் சரிசெய்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இந்த நாட்டில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் முதல் மருந்து ரப்பர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ரேம் என்கிற நினைவக அட்டையைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் பல் தேய்ப்பதுபோலத் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி செருகினேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள். கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே சரடு, அதே தொண்ணூறு நொடி. ஒரே வித்தியாசம், இப்போது என் வாயில் தூசி.

போனை எடுத்து இணையத்தில் கேட்டேன். உலகம் முழுவதும் லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்று நானே சொற்பொழிவில் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அந்த உதவியைப் பார்த்தேன். என் தலையெழுத்தே தலையெழுத்தாக ஒருவன் கேட்டிருக்கிறான். அதற்கு ஒருவர், கையேட்டைப் படித்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், நீங்கள் வைத்திருப்பதைவிட நல்ல லினக்ஸ் இருக்கிறதே, அதைப் போடலாமே என்கிறார். வீடு பற்றி எரிகிறது என்றால், வேறு தெருவில் நல்ல வீடு காலியாக இருக்கிறது என்பதா பதில்? கடைசியில் கேட்டவனே வந்து, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அவன் எந்தத் தேசத்துக்காரனோ, அவனுக்கு ஒருநாள் நடுவழியில் பெட்ரோல் தீரட்டும்.

மணி ஐந்தரை தாண்டிவிட்டது. இனி ஒரே கதி என் கல்லூரித் தோழன். கோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். விடிகாலைத் தொழுகைக்கு எழுந்திருப்பான் என்பதால் அந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

"சொல்லு மாப்ள. தொழுதுட்டு வந்து இப்பதான் டீ கிளாஸ கைல எடுத்தேன். நீ எல்லாம் எந்திரிக்கிற நேரமா இது?"

"கம்ப்யூட்டர் எந்திரிக்கல."

"ஓ. சாகாவரம் வாங்கி வந்ததுன்னு சொன்னியே, அந்தக் கம்ப்யூட்டரா?"

"டேய், நக்கல அப்பறம் வெச்சுக்க. ஏழு மணிக்கு அவளுக்குக் கிளாஸு."

அவன் குரல் உடனே கடைக்காரனின் குரலாக மாறியது. "திரைல என்ன இருக்கு? ஒரு எழுத்து விடாமப் படி."

படித்தேன். அந்தச் சரட்டை எழுத்தெழுத்தாகப் பாதி படிப்பதற்குள் நிறுத்தினான். "போதும் போதும். அது ஒரு டிஸ்கோட அடையாள நம்பரு. அந்த டிஸ்க் வரணும்னு உன் கம்ப்யூட்டர் காத்துக்கிட்டு உக்காந்திருக்கு. மாப்பிள்ள வீடு வராம மண்டபத்துல பந்தி போட மாட்டாங்கல்ல, அந்த மாதிரி. உள்ள எத்தன டிஸ்க் இருக்கு?"

"உள்ள ஒண்ணு. வெளிய ஒண்ணு, பின்பக்கம் வயர்ல மாட்டியிருக்கும். கருப்பா, சோப்பு டப்பா சைஸ்ல."

"வெளில உள்ளது இருக்கா பாரு."

மேஜைக்கு அடியில் புகுந்து பின்பக்கம் கைவிட்டேன். டிஸ்கும் இல்லை, வயரும் இல்லை.

எனக்கு உச்சந்தலை சுட்டது. "திருட்டு மாப்ள! வீட்டுல திருட்டுப் போயிருக்கு!"

"ஏன்டா, திருடன் டிவிய விட்டான், மானிட்டர விட்டான், உன் சோப்பு டப்பாவ மட்டும் தூக்கிட்டுப் போனானா? அவனும் லினக்ஸ்காரனா? வீட்டுக்குள்ள தேடு."

"அது இல்லேன்னா என்ன இப்ப? உள்ள ஒரு டிஸ்க் நல்லாத்தானே இருக்கு. அத வெச்சு எந்திரிக்க வேண்டியதுதானே? என்ன பிடிவாதம் இது!"

"பிடிவாதம் அதோடது இல்ல, உன்னோடது" என்றான். அதன்பிறகு அவன் சொன்னதை என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டு சுருக்கமாகச் சொல்கிறேன். தொடங்கும்போது எந்தெந்த டிஸ்க் வந்திருக்கிறது என்று சரிபார்க்க, வகுப்பறை வருகைப் பதிவேடுபோல, கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியல் உண்டு. வெளி டிஸ்கை அந்தப் பட்டியலில் சேர்த்தது நான். சேர்க்கும்போது, 'இது வராவிட்டாலும் பரவாயில்லை, நீ உன் வேலையைத் தொடங்கு' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

"போட்டியா?"

"டிஸ்க் எங்க போயிடப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"போயிருச்சுல்ல?"

சில கேள்விகள் பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை, வலிப்பதற்காகக் கேட்கப்படுகின்றன.

"சரி விடு, அந்த வரிய எடுத்துட்டா எந்திரிச்சிரும். நான் போன்லயே சொல்றேன், செய்யி" என்றவன், ஒரு வாய் டீ குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டான். "உன் வீட்டுக்காரம்மாவோட பாடமெல்லாம் எந்த டிஸ்குல இருக்கு?"

வெளி டிஸ்கில் இருந்தது. அதில்தான் பத்திரமாக இருக்கும் என்று நானே போன வாரம் எல்லாவற்றையும் அங்கே மாற்றி, உள்ளே இருந்ததை அழித்தேன். சுத்தமாக, ஒரு படம் மிச்சமில்லாமல். கம்ப்யூட்டரே வேண்டாம், கைபேசியில் வகுப்பு எடுக்கலாம் என்றாலும் காட்டுவதற்கு ஓர் அணில்கூடக் கிடையாது.

"அப்ப டிஸ்கத் தேடு. நான் லைன்லதான் இருக்கேன்" என்றான்.

பீரோவைத் திறந்தேன். செருப்பு அலமாரியைத் திறந்தேன். பதற்றத்தில் ஃப்ரிட்ஜையும் திறந்தேன். உள்ளே நேற்றைய சுண்டல் மட்டும் என்னைப் பார்த்தது. ஃப்ரிட்ஜ் கதவுச் சத்தம் கேட்டு மனைவி காபியோடு வந்தாள். குளித்து, புதுப்புடவை கட்டி, தலையில் பூவோடு, ஒன்றாம் வகுப்புக்குப் போகிற டீச்சராகவே இருந்தாள். கூடத்தில் வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கருப்பு டப்பா, கம்ப்யூட்டர் பின்னாடி இருக்குமே…"

"அது பூஜைல இருக்கு."

"எதுல?"

"பூஜைல. சரஸ்வதி முன்னாடி, புத்தகத்துக்கெல்லாம் மேல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேற்று முன்பகல் முழுவதும் நான் பட்டறையில் ஆயுத பூஜையில் இருந்தேன். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் தடவி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு வீடு திரும்ப மணி இரண்டாகிவிட்டது. அதற்குள் இவள் பூஜையை முடித்து, அடுக்கிய புத்தகங்களைப் பட்டுத்துணியால் மூடிவிட்டாள். பூஜை நாளில் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பதால் நானும் அந்தப் பக்கம் போகவில்லை. இருபது வருஷமாக லேத்துக்குச் சந்தனம் வைக்கிறோம். மறுநாள் எந்த லேத்தாவது ஓட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறதா? லேத்தைக் கழற்றி அதன் நெஞ்சை மட்டும் எடுத்து எவராவது பூஜையில் வைக்கிறார்களா?

இதை அப்படியே கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவள் காபியை மேஜையில் வைத்தாள். "பூஜைல என்ன வைப்போம்? புத்தகம். என் பாடம் எங்க இருக்கு?"

"டிஸ்குல."

"வரைஞ்ச பேப்பரெல்லாம் எங்க?"

"அத… ஸ்கேன் பண்ணியாச்சேன்னு…"

"ஸ்கேன் பண்ணியாச்சேன்னு?"

"பழைய பேப்பர்காரர்ட்ட போட்டேன்."

"அப்ப நான் எதத்தான் வைக்கறது? கம்ப்யூட்டர அணைச்சு, அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, என் பாடம் எதுல இருக்கோ அத எடுத்துப் பூஜைல வெச்சேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க."

தேடினேன். சத்தியமாகத் தேடினேன். அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு மனிதனைக் கோபத்தின் உச்சியில் ஏற்றிவிட்டு, எதிராளி மேல் தப்பே இல்லை என்று ஏணியை எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய கொடுமை உலகத்தில் கிடையாது. போனில் தோழன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் லைனில் இருப்பதை மறந்திருந்தேன்.

"சரி, எடுத்துட்டு வா" என்றேன், பெரிய மனதோடு.

"இன்னிக்குப் பண்ற புனர்பூஜை ஆகலியே. அதுக்கு முன்னாடி எப்படி எடுக்கறது? நீங்க குளிச்சுட்டு வந்து பண்ணணும்."

"மணி ஆறாகப் போகுது! சாமிகிட்ட சொல்லிட்டு எடுத்துரலாம். சாமிக்குத் தெரியாதா?"

நான் பூஜை அலமாரிப் பக்கம் ஓர் அடிதான் வைத்தேன். அவள் குறுக்கே வரவில்லை, அதட்டவும் இல்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள். "மூணு வருஷம் கழிச்சு ஒரு பிள்ளைக்கு அ சொல்லித்தரப் போறேன். அது நல்லபடியா நடக்கணும்னுதான் அங்க வெச்சேன். அதப் பாதில புடுங்கி எடுத்துட்டு வந்து, அத வெச்சே பாடம் நடத்தச் சொல்றீங்களா?"

அதட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். மூன்று வருஷப் பயிற்சி இருக்கிறது.

இருந்தாலும் நான் சுலபத்தில் திருந்துகிறவன் இல்லை. சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்கக் கீழ்வீட்டு மாமியிடம் ஓடினேன். ஸ்ரீரங்கத்துப் பழைய குடும்பம், எங்கள் அடுக்குமாடிக்கு ஆசார விஷயத்தில் உச்ச நீதிமன்றம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி, ஒரு சந்தேகம். பூஜைல வெச்ச வஸ்துவ, புனர்பூஜைக்கு முன்னாடி, ஒரு அவசரத்துக்கு எடுக்கலாமா?"

மாமி கோலத்திலிருந்து தலையைத் தூக்கி என் லுங்கியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், ரேமிலிருந்து என் மீசைக்குக் குடிபெயர்ந்திருந்த தூசியைப் பார்த்தார்.

"ஸ்நானம் ஆச்சோ?"

"இன்னும் இல்ல மாமி."

"பின்னே கேள்வி என்ன வேண்டிக்கெடக்கு?"

வழக்கு தள்ளுபடி. மாடி ஏறி வந்து குளித்தேன். அதைக் குளியல் என்று சொன்னால் தண்ணீருக்கே சங்கடமாக இருக்கும். வேட்டியைச் சுற்றிக்கொண்டு பூஜைக்கு முன் நின்றேன். அவள் பழைய பூவை எடுத்துப் புதுப்பூ வைத்திருந்தாள், பால் காய்ச்சி வைத்திருந்தாள். ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்தி என்று அவள் நினைத்திருப்பாள். சாமி விஷயத்தில் நான் பொதுவாக ஓர் ஓரமாக நிற்கிற ஆள். அன்று மனசுக்குள் நான் வைத்த வேண்டுதல்களின் பட்டியலை வெளியே சொன்னால் பட்டறையில் எவனும் என்னை மதிக்க மாட்டான். பழனி அதில் உண்டு, மொட்டை அதில் உண்டு. இடையிடையே கோபமும் உண்டு. படிப்புக்கான தெய்வம் நீ, உன் மடியில் வைத்த பாடத்தை வைத்தா இந்த விளையாட்டு என்று கேட்டேன். கற்பூரம் காட்டி, முறைப்படி எல்லாவற்றையும் ஓர் அங்குலம் வடக்கே நகர்த்தினேன். பிறகு டிஸ்கையும் அதனோடு இருந்த வயரையும் எடுத்துக்கொண்டு பதினைந்து அடி மேற்கே ஓடினேன்.

மணி ஆறு நாற்பத்தைந்து.

வயரைச் செருகப் போனால் நுழையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செருகும் துவாரத்தில் கச்சிதமாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"இங்க போயா வைப்ப?"

"முகத்துலதான் வைக்கணும். மத்த பக்கமெல்லாம் மொழுக்குன்னு இருந்துச்சு. கண்ணு மாதிரி இருந்தது அந்தப் பக்கந்தான்" என்றாள், கண்ணில் பயத்தோடு. அவளும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவள் பயந்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும் இரட்டிப்பாகி என்னிடமே தங்கிவிட்டது.

அவள் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டினேன். "பல்லு பாத்துடா, உள்ள பல்லு வளைஞ்சா அவ்வளவுதான்" என்று போனில் தோழன் பிரசவம் பார்ப்பதுபோல அதட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே சரடு, அதே நொடிகள். வயரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன், மறுமுனையை டிஸ்கில் வைத்து அழுத்தினேன். இருபது. இருபத்தைந்து. ஒன்றுமில்லை. கொஞ்சம் இடதுபுறம் சாய்த்தேன். முப்பத்தொன்று. கொஞ்சம் மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தினுசாக நெம்பினேன். டிஸ்கில் நீல விளக்கு மினுக்கியது. அவ்வளவுதான், திரையில் வரிகள் அணையைத் திறந்துவிட்டதுபோலக் கொட்டின.

ஆறு ஐம்பத்துநான்குக்கு அவளுடைய அணில் திரையில் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது.

நான் கையை எடுத்தேன். அணில் போய்விட்டது.

மறுபடி அதே தினுசில் நெம்பினேன். வந்தது. விட்டேன், போனது. "மாப்ள, படங்கள உள்டிஸ்குக்கு மாத்திரு, ஒரு நிமிஷ வேல" என்றான் தோழன். சரியான யோசனைதான். மாற்றத் தொடங்கினேன். பாதியில் விரல் வழுக்கி நீல விளக்கு அணைந்தது. இரண்டாவது முறையும் அதேதான். அதற்குள் திரையில் வகுப்பின் ஜன்னலில் முதல் குழந்தை வந்து, வரவேற்பறைக்கு வந்த விருந்தாளிபோலக் காத்திருந்தது. மூன்றாவது முறை மவுஸை நோக்கி என் கை போனபோது மனைவி அதைப் பிடித்து நகர்த்தினாள்.

"இனிமே நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. இப்ப ஓடுதுல்ல? அப்படியே கீழ உக்காந்து, புடிச்சுக்குங்க."

ஆக, லினக்ஸின் தூதுவன், அடுக்குமாடிச் சொற்பொழிவாளன், ஈரத்தலையோடு மேஜைக்கு அடியில் உட்கார்ந்தான். இரண்டு விரலால் ஒரு வயரை, சாய்த்து, தூக்கி, நெம்பியபடி. மேலே ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கியது.

"வணக்கம் கண்ணுங்களா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக நான் கேட்டது அவளுடைய பள்ளிக்கூடக் குரல் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. பள்ளிக்கூடக் குரல் இதுதான். இதை என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை. எனக்கு மட்டும் அதட்டல், ஊரான் பிள்ளைகளுக்குக் கண்ணா? வகுப்பு முடிந்ததும் இதைக் கேட்டே தீருவது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அணிலைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தன. அதை எப்போதும் பார்க்கிறோம், ஆனால் பெயர் இதுதானா என்று ஒரு குழந்தை கேட்டது. முதல் குழந்தை எழுதியது, இரண்டாவது எழுதியது. நடுவில் ஒரு பெண்குழந்தை கணீரென்று கேட்டாள். "டீச்சர், உங்க டேபிள் கீழ ஒரு கால் இருக்கு."

"அது ஒண்ணுமில்லம்மா. நீ பென்சில எடு."

ஒண்ணுமில்லையாம்! இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய கால்!

மூன்றாவது குழந்தைக்கு 'அ' வரவில்லை. சுழி வருகிறது, வளைவு வருகிறது, கடைசிக் கோடு எங்கே இறங்குவது என்று தெரியாமல் ஓடிவிடுகிறது. அவள் அழிக்கச் சொன்னாள், மறுபடி எழுதச் சொன்னாள். "பரவால்ல கண்ணா, அவசரமே இல்ல." சுவர்க் கடிகாரம் என் இருப்பிடத்திலிருந்து தெரிந்தது. ஏழு இருபத்தைந்து. ஏழு இருபத்தெட்டு. எனக்கு இரண்டு நிமிஷச் சலுகை தராத சாஸ்திரத்தின் எல்லை நெருங்குகிறதே என்று அவள் புடவைக் கொசுவத்தை மெல்ல இழுத்தேன். அவள் கால் என் கையைத் தட்டிவிட்டது. ஏழரை ஆனது. ஏழு முப்பத்திரண்டு ஆனது. ராகு காலம் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. மேலே இருப்பவளுக்கு அது தெரியவே இல்லை.

"இப்ப மேலேர்ந்து கீழ வா. நேரா. நேரா. அதான். அதேதான்!" என்றாள். நான்கு வீடுகளில் யாரோ கைதட்டினார்கள். அந்தப் பையன் எழுதிய எழுத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டியிருப்பான். கீழே இருப்பவனுக்கு அதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. என் வலது கை தோள்வரை மரத்துப்போயிருந்தது. விரல்கள் யாருடையவோ போல இருந்தன.

நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது. கீழே விழுந்த பேனாவை எடுப்பதுபோல அவள் குனிந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, பொட்டு ஒரு பக்கம் கலைந்திருந்தது.

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க" என்று கிசுகிசுத்தாள். "பத்து நிமிஷம்."

நான் கை மாற்றிக்கொண்டேன்.